டெல்லா கழுவிய ஆடு

விவசாயியைப் பார்த்துத் திரும்ப வேண்டிய கார்ட்டூன் ஆடு, திரையிலிருந்து ஆர்வில் ஸ்டென்ஸ்ரூடைப் பார்த்தது.

ஒரு கணம்தான். பிறகு, கையுறை மாட்டிய நாலு விரலால் தாடியை நீவிவிட்டு வழக்கம்போல் ஓடியது. வெளியே ஹாலிவுட்டின் மத்தியான வெயில் தகரக்கூரையைக் காய்ச்ச, ஜன்னலில்லாத அந்தப் புழுக்கமான திரையிடும் அறையில் வேர்வைக்கும் சிகரெட் புகைக்கும் மேலாக வேறொரு வாடை மெல்ல ஏறியது. செல்லுலாய்டு தாள் கழுவும் திராவகத்தின் வாடை அது.

"யோவ் மைலோ, பிம்ஸ் என்னையா பார்த்துச்சு?"

படம் ஓட்டிய மைலோ பின்னாலிருந்து சிரித்தான். "பத்து வருஷமா உனக்குச் சோறு போடுற ஆடு. பார்த்தா பார்த்துட்டுப் போகுது! இன்னும் ஒரு மணி நேரத்துல பத்திரிகைக்காரங்க வந்துடுவாங்க. ஆடு எப்படிப் பிறந்துச்சுன்னு கேப்பாங்க. கதையை ஜோடிச்சு வெச்சிருக்கல்ல?"

ஜோடித்துத்தான் வைத்திருந்தான். உண்மையில், படங்களுக்கு மை தீட்டும் பெண்களில் ஒருத்தி, டெல்லா கொவால்சிக், சாண்ட்விச் சுற்றி வந்த காகிதத்தில் வரைந்த ஆடு அது. "முதலாளிகிட்ட காட்டுங்க சார்" என்று நம்பிக் கொடுத்தாள். காட்டினான், தான் வரைந்ததாக. முப்பத்தெட்டு படங்களின் தொடக்கத்திலும் அவன் பெயர்தான் வந்தது. அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று பயந்து, அவளைக் கழுவும் அறைக்குத் தள்ளியதும் அவன்தான். ஒரு படம் முடிந்ததும் தாள்களைக் கழுவி, அடுத்த படத்துக்கு அவற்றிலேயே வரைவார்கள். தான் பெற்ற ஆட்டைத் தன் கையாலேயே துடைத்துத் துடைத்து, இருமி இருமி, மூன்றாம் வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று ஆர்விலுக்கு உடம்பு கூசியது. இன்றைக்காவது சொல்லிவிடலாம்.

"மைலோ... டெல்லான்னு ஒருத்தி இருந்தாளே..."

"எந்த டெல்லா?"

சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை ஓட்டு."

படம் மறுபடி ஓடியது. எவ்வளவு கழுவினாலும் பேனா கீறிய தடம் தாளை விட்டுப் போகாது. அந்தக் கீறல்கள் இப்போது ஆட்டைச் சுற்றி நூல் நூலாக மின்னின. ஆடு திரும்பியது. அவனைப் பார்த்தது. இந்த முறை பார்வையை எடுக்கவில்லை.

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. வரைந்த கையல்ல. ஐந்து விரல், வெடித்த நகம், ஈரத்துணி. ஆட்டின் தலைக்குமேல் அவன் பெயர் எழுந்தது. அந்தக் கை அதைப் பதறாமல் துடைத்தது.

"மைலோ, நிறுத்து."

படம் ஓட்டும் கருவி கடகடத்தது. வாடை தொண்டையைப் பிடித்தது.

பின்னால் யாரோ இருமினார்கள். அது மைலோவின் இருமல் இல்லை.

"டெல்லா, நான் சொல்லிடறேன்... எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்..."

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

முகத்தை மூடக் கையைத் தூக்கினான். கையைச் சுற்றிக் கறுப்பு மையில் ஒரே சீரான கோடு. விரல்களை எண்ணினான்.

நாலு.

மணிக்கட்டில் ஈரத்துணி பட்டது.