ஆறு வெள்ளை ரோஜாக்கள்

"வெள்ளிக்கிழமை விவாகரத்து வக்கீலைச் சந்திக்க டெர்மின், பிள்ளை. அதுக்குள்ள அந்தப் பொம்பிளை ஆரெண்டு எனக்குத் தெரியவேணும்."

கமலநாயகி கணவனின் கைப்பேசியை மேசையில் வைத்தாள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் பிரபாலினி, அதிலிருந்த படத்தைப் பெரிதாக்கினாள். ஓட்டல் மேசையில் ஆறு வெள்ளை ரோஜாக்கள்.

"அஞ்சு வருசமா கார்த்திகையில இவர் தனிய ரீகாவுக்குப் போறார். ஊர் பார்க்கவாம். என்ன பார்த்தனீங்கள் எண்டால் ஒரு கட்டிடத்தையும் சொல்லத் தெரியாது. போன கிழமையும் வந்தவுடன ஒண்டையும் தொடேல்லை, உடுப்போட போய்த் தலையோட முழுகினார். அவளின்ர வாசம் போகத்தானே!"

உதவியாளன் தியாகு துள்ளினான். "சிம்பிள் கேஸ், மேடம்! லாட்வியா தலைநகரம், யாரும் கண்டுக்காத ஊரு. நான் போயிருக்கேன். வீட்டு முகப்பெல்லாம் செதுக்கின முகங்க, அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். அதைப் பார்க்காதவர் வேற யாரையோ பார்க்கத்தான் போறார்."

"ஓம். அங்க பூக்கடைக்குப் போனனீரே?"

"ஆமா, பழைய ஆபீஸ் டீம் லீடரம்மாவுக்கு ஒரு டஜன் ரோஜா கேட்டேன். கடைக்காரம்மா முறைச்சுட்டு, பதினொண்ணுதான் கொடுத்தாங்க. ஏன்னு இன்னும் புரியலை."

"நாளைக்கு அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அக்கா. அவர் காலில போட்டுப்போன சப்பாத்தையும்."

மறுநாள் கணவன் விமலநாதன் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். சப்பாத்தில் மணலும் பைன் ஊசிகளும் ஒட்டியிருந்தன. ஒரு சொட்டுச் சிவப்பு மெழுகும்.

"ரீகாவில உயிரோட இருக்கிறவைக்கு ஒற்றைப்படையிலதான் பூ," என்றாள் பிரபாலினி. "இரட்டைப்படை செத்தவைக்கு. அதுதான் தியாகுவுக்கு ஒண்டு குறைஞ்சது. அக்கா, எங்கட ஆக்கள் ஒண்டையும் தொடாமல் முழுகிறது எப்ப?"

கமலநாயகியின் குரல் இறங்கியது. "சுடலையால வந்தால்."

"அங்க பைன் காட்டுக்குள்ளதான் புதைக்கிறவை, குழியில மெழுகுதிரி கொளுத்துறவை. ஆரின்ர புதைகுழி, அண்ணை?"

விமலநாதன் குனிந்து, சப்பாத்தில் ஒட்டிய மெழுகை நகத்தால் சுரண்டினார்.

"தொண்ணூற்றைஞ்சில லொறிக்குள்ள ஒளிச்சு இங்க வந்தனாங்கள். ரீகாவுக்குக் கிட்ட, பக்கத்தில இருந்த பெடியன் குளிரில விறைச்சுச் செத்துப்போனான். எல்லாரிட்டையும் கள்ளப் பாஸ்போட். அவன்ர உண்மைப் பேர் எனக்குத் தெரியாது. வந்த பாதையைச் சொன்னால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு வாய் திறக்கேல்லை. பிறகு திறக்க வரேல்லை. அஞ்சு வருசத்துக்கு முந்தித்தான் அவனைப் புதைச்ச இடத்தைக் கண்டுபிடிச்சன். கல்லில ஒரு இலக்கம் மட்டும். என்னை விட்டால் அவனிட்டைப் போக ஆர் இருக்கினம்?"

சன்னலுக்கு வெளியே டிராம் ஒன்று போய் மறைந்தது.

கமலநாயகி வக்கீலின் கடிதத்தை நான்காக மடித்தாள். கணவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"வாற கார்த்திகைக்கு ரெண்டு பிளேன் ரிக்கற் எடுங்கோ. பூவை நான் எண்ணி வாங்கிறன். திரும்பி வந்து ரெண்டு பேருமா முழுகுவம்."