முதல் கணு

கட்டளை அறைத் திரையில் நகரம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குளிர்மாடம். பல நூறு குடும்பங்களை மூடி நிற்கும் கண்ணாடிக் கவிகை. வெளியே உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். மாடத்தின் அடியில் இருக்கும் கணினிக்குக் கணு என்று பெயர். காற்றுக்கதவைத் திறப்பதும் மூடுவதும் அதுதான். கணுக்களிடம் யாரும் நேரில் போவதில்லை. கட்டளை அறையில் வேலை பார்க்கும் எஸ்தர் இங்கே உட்கார்ந்து ஒரு கட்டளை எழுதினால் போதும். பல்லேவி என்ற நிரல் அதை எல்லாக் கணுக்களுக்கும் ஒரே நேரத்தில் நகலெடுத்து, அங்கேயே ஓடவிட்டு, பதிலை வாங்கி வரும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கட்டளைக் கோப்பு எதுவானாலும் முதலில் ஒரே ஒரு கணுவில் ஓட்டிப் பார்ப்பார்கள். அது 'நலம்' என்றால்தான் மற்றவற்றுக்கு அனுப்புவார்கள். அந்த முதல் கணு எப்போதும் உப்பளக் குடியிருப்பு. எஸ்தரின் வீடு இருப்பது அங்கேதான். ஏன் அங்கேயே என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறாள்.

"அங்கேருந்து புகார் வராதுமா," என்றார் தலைமைப் பொறியாளர் வரதன்.

புகார் வரும். எடுத்துக் கேட்கத்தான் யாரையும் போடவில்லை.

இன்று மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கோப்பு. உப்பளத்தில் ஓடி முடித்துப் பச்சை காட்டியது. ஆனால் எஸ்தர் கதவின் பதிவையும் திறந்து பார்த்தாள். கொஞ்சமாகச் சாய வேண்டிய கதவு முழுசாக மூடியிருக்கிறது. பிறகு, எந்தக் கட்டளையும் போகாமலே, திறந்திருக்கிறது.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"இப்ப காத்து நின்னுச்சாம்மா?"

"நின்னுச்சே. எப்பவும் நடக்குறதுதான. பசங்க மூச்சு வாங்குச்சுங்க, உங்கப்பா போய் சக்கரத்த சுத்தி தொறந்துட்டாரு. ஏன், நீதான் நிறுத்தினியா?"

எஸ்தர் போனை வைத்தாள்.

ஒரு காலத்தில் எல்லா மாடங்களின் கதவிலும் கைச்சக்கரம் இருந்தது. மனிதக் கை பட்டால் கணக்கு பிசகும் என்று அலுவலகம் அத்தனையையும் கழற்றி உப்பளத்துக்குப் பக்கத்தில் கொட்டியது. ஒவ்வொரு சோதனையிலும் மூச்சு முட்டிப்போன உப்பளத்து ஜனங்கள் குப்பையிலிருந்து ஒன்றைப் பொறுக்கி வந்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.

எஸ்தர் வரதனிடம் திரும்பினாள். "சார், கோப்பு தப்பு. கதவை முழுசா மூடுது. அனுப்பாதீங்க."

"பச்சை காட்டுதே."

"எங்கப்பா கையால தொறந்ததால காட்டுது. மத்த எடத்துல சக்கரமே கிடையாது சார்."

"அனுமதி இல்லாம கதவுல கை வச்சிருக்காங்கன்னு நீயே சொல்றே. எழுதிக்கவா?"

"எழுதிக்குங்க. இதை மட்டும் அனுப்பாதீங்க."

"டிகிரி வாங்கிட்டா ஆச்சாமா? சிஸ்டத்தை நம்பக் கத்துக்கணும்." குனிந்து, அவளைத் தாண்டிக் கையை நீட்டி, கோப்பை அனுப்பும் ஏவுவிசையை அவரே அழுத்தினார்.

நகரத்தின் கதவுகள் எல்லாம் சேர்ந்து மூடின.

எஸ்தர் மாற்றுக் கட்டளையை அடித்தாள். பல்லேவி எடுத்துக்கொண்டு போனது, பதில் வாங்கி வரவில்லை. கணுக்களைக் குளிரவைப்பதும் அதே காற்றுதான். சூடேறிய கணுக்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின. திரையில் பச்சை அணைந்துகொண்டே வந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரே புள்ளி, உப்பளம்.

வரதனின் போன் அடித்தது. அவர் வசிக்கும் மயூரா மாடத்திலிருந்து மகள். அவள் பேசியது எஸ்தருக்குக் கேட்கவில்லை, இருமல்தான் கேட்டது.

"எஸ்தர்," அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார். "அந்தச் சக்கரமெல்லாம் இன்னும் அங்க இருக்கா?"

"நீங்க கொட்டின எடத்துலயே இருக்கு சார்."

அதற்குள் அவள் அம்மாவை அழைத்திருந்தாள். உப்பளத்து ஜனங்கள் ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, வண்டி வண்டியாகச் சக்கரங்களோடு வெயிலில் கிளம்பினார்கள். மாடம் மாடமாகப் போய் மாட்டினார்கள், திருகினார்கள். எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. மயூராவில் மயங்கிக் கிடந்த வரதனின் மகளைத் தூக்கிக் காற்றுக்கதவின் பக்கத்தில் கிடத்தியது எஸ்தரின் அப்பா.

விசாரணை நடந்தது. முடிவும் வந்தது: முதல் கணுவில் அனுமதியில்லாத கைச்சக்கரம் இருந்ததால் சோதனை பொய்த்தது. ஆகவே எல்லா மாடங்களிலும் சக்கரத்தின் அச்சை நிரந்தரமாகப் பூட்ட ஒரு கோப்பு.

வரதன் அதைக் கொண்டுவந்து எஸ்தரின் மேசையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேலிடத்து உத்தரவுமா. நான் என்ன பண்ண முடியும்? வழக்கம்போல மொதல்ல..."

அவள் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தாள். அவர் திரையை எட்டிப் பார்த்தார். முதல் கணு என்ற இடத்தில் மயூரா என்று இருந்தது.

"அது எங்க மாடம்."

"தெரியும் சார். அங்கேருந்துன்னா புகார் வரும்ல."

எஸ்தர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி அவருக்கு வழிவிட்டாள். ஏவுவிசை அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வரதன் கையை நீட்டவில்லை.