கிழித்த சீசன் டிக்கெட்

எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணி, விடாத மழை. ரயில்வே போலீஸ் ரைட்டர் பரந்தாமன் குடையை மடக்கிக்கொண்டு வந்தபோது, வாசல் பெஞ்சில் கமலம் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளைக்கு முன் ரயிலில் அடிபட்டுச் செத்த நிஷாவின் தாய்.

"சார், எம் பொண்ணு லைன் தாண்டி சாவல. கூட்டத்துல கதவாண்ட நின்னுகினு இருந்தா, உழுந்துட்டா. டிக்கெட்டும் வச்சிகினு இருந்தா. தப்பு பண்ணி செத்தான்னு எழுதாத சார்."

"எழுதியாச்சும்மா. ஊட்டுக்குப் போ."

அந்த டிக்கெட் அவர் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. ரயிலிலிருந்து விழுந்தாள் என்று எழுதினால் விசாரணை, மேலிடத்துக் கேள்விகள். 'தண்டவாளத்தைக் கடந்தபோது' என்று எழுதினால் ஒரே வரியில் முடிந்தது. பழி செத்தவர் மேல். ரயில்வேயின் விபத்துக் கணக்கிலும் ஏறாது. பதினோரு வருடமாக இப்படித்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவந்தார் மனுஷன்.

கமலம் போனதும் டிக்கெட்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அறைக்குள் ஈர இரும்பின் வாடை வந்தது.

இழுப்பறைக்குள் ஏதோ சுரண்டியது.

எலி என்று நினைத்துத் திறந்தார். அதே டிக்கெட். முழுசாக, சொட்டச் சொட்ட நனைந்து.

கூடை காலியாக இருந்தது.

காதருகே ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது.

"நான் தாண்டல சார்."

பரந்தாமன் பதிவேட்டைப் புரட்டி, பழைய வரியை அடித்துவிட்டு, 'ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாடை அடங்கியது. டிக்கெட் காய்ந்து கிடந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. பெற்றவளை எப்படி விரட்டிவிட்டோம் என்று அப்போதுதான் நெஞ்சு வலித்தது. கமலத்திடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார்.

மறுபடியும் சுரண்டல்.

இழுப்பறை தானாகத் திறந்தது. டிக்கெட்டுகள் நிரம்பி வழிந்தன. பதினோரு வருடமாக அவர் கிழித்துப் போட்டவை, ஒன்று பாக்கியில்லாமல். எல்லாம் நனைந்திருந்தன.

வெளியே ஆளில்லாத பெஞ்சு, பல பேர் ஒன்றாக எழுந்ததுபோல் கிறீச்சிட்டது.

வாசற்படியில் ஈரக் கால்தடம் ஒன்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

முதல் தடம் மேசையை ஒட்டி வந்து நின்றது. வரிசை பிளாட்பாரம் வரைக்கும் நீண்டிருந்தது.