ஒரு தட்டென்றால் நிறுத்து

டீயில் ஒரு சொட்டு விழுந்தது.

ஜம்பு முதலில் டீயைத்தான் சந்தேகப்பட்டான். சரசாவும் மகள் வைஷுவும் கோயம்புத்தூர்க் கல்யாணத்துக்குப் போனதிலிருந்து அவன் போட்ட எந்த டீயும் டீயாக இருந்ததில்லை. ஆனால் பாலாடை இப்படிச் சாம்பல் நிறத்தில் சுழலாது. முகர்ந்து பார்த்தான். ஈர சிமெண்ட். கசார்வாடியில் அவனுடைய பட்டறைக்கும் இதே வாசனைதான். சரசா அவன் சட்டைகளைத் தனியாகத் துவைப்பதும் அதனால்தான்.

அண்ணாந்து பார்த்தான். வீட்டில் உருப்படியாக ஓடும் ஒரே ஏசி வைஷுவின் அறையில் என்பதால் அவள் கட்டிலில்தான் குடியிருந்தான். கூரை முழுக்க அவள் ஒட்டிய, இருட்டில் மினுங்குகிற பிளாஸ்டிக் நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்றைச் சுற்றி, காம்பஸ் வைத்துப் போட்டது போல, ஈர வளையம்.

கட்டடங்களில் மின்கேபிள் இறக்கத் தளத்தில் தண்ணீர் விட்டுத் துளை போடுவது ஜம்புவின் தொழில். 'வைரம் சம்பந்தப்பட்ட பிசினஸ்' என்று மாமனாரிடம் சொல்லித்தான் பெண் எடுத்தான். அந்த வைரம் துளை போடும் பிட்டின் விளிம்பில் பொடிப்பொடியாக இருக்கிறது என்பதைத் தாலி கட்டிய பிறகே தெரிவித்தான். அதனால் அந்த வளையத்தின் அளவு அவனுக்கு அளக்காமலே தெரிந்தது: அவன் பிட்டின் அளவு. தண்ணீர் கசிந்தால் இவ்வளவு ஒழுங்காகக் கசியாது.

தவிர, இது கடைசி மாடி. மேலே மொட்டைமாடி. மழைக்கு இன்னும் மாதக்கணக்கில் பாக்கி.

சாவியை எடுத்துக்கொண்டு ஏறினான். பொழுது சாய்ந்தும் தளம் செருப்பைச் சுட்டது. தண்ணீர் டாங்க், சோலார் பலகை, யாரோ மறந்துபோன ஒரு பனியன். வைஷுவின் அறைக்கு மேலான இடம் அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது. குனிந்து உள்ளங்கையை வைத்தான். காதுக்கு எட்டாத, கைக்கு மட்டும் தெரிகிற ஒரு நடுக்கம், பல் டாக்டரின் நாற்காலியில் தாடைக்குள் ஓடுமே, அதுபோல, தரைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று கையை எடுத்தான்.

"பிபி மாத்திரை போடல, அதான்" என்று பனியனிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் வேகமாகவே இறங்கினான்.

வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்துக்கொண்டிருந்தது. மரியம்மாள். அவனிடம் வேலை பார்த்த லூர்துசாமியின் மனைவி.

இன்று லூர்துசாமி செத்து முதல் ஆண்டுப் பூசை. கேம்ப் ஏரியாவில், சர்ச்சில். வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீ போடுவதில் மும்முரமாக இருந்துவிட்டான்.

"அண்ணா, வரவே இல்லியே?"

"வண்டி மக்கர் பண்ணிடுச்சும்மா."

"பரவால்லண்ணா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவங்க அண்ணன் தம்பிங்க இன்னிக்கும் அதையே சொல்றாங்க. குடிச்சிட்டுப் போய்ச் செத்தான்னு. பிள்ளைங்க காதுபடவே." மூச்சு வாங்கினாள். "நீங்க மேல இருந்தீங்க. அவரு நெஜமாவே ரெண்டு தட்டுனாரா?"

துளை போடும்போது ஒருவன் மேல்தளத்தில் மெஷினோடு நிற்பான், ஒருவன் கீழ்த்தளத்தில். பிட் அறுத்து முடித்ததும் கான்கிரீட் உருளை அம்மிக் குழவி மாதிரி கீழே விழும். அதனால் கடைசி அங்குலத்துக்கு முன்னால் கீழே நிற்பவன் கம்பால் கூரையைத் தட்ட வேண்டும். ஒரு தட்டென்றால் நிறுத்து. இரண்டு தட்டென்றால் யாரும் இல்லை, ஓட்டு.

போன வருஷம் கேம்ப்பில் ஓர் ஆபீஸ். பூட்ட வேண்டுமென்று செக்யூரிட்டி சாவியை ஆட்டிக்கொண்டே நின்றான். கீழே லூர்துசாமி, வழியில் இருந்த ஜெராக்ஸ் மெஷினை நகர்த்திக்கொண்டிருந்தான். ஒரு தட்டு வந்தது. தெளிவாக, ஒன்றே ஒன்று. ஜம்பு மெஷின்காரனைப் பார்த்துச் சொன்னான்: "ரெண்டு கேட்டாச்சு. ஓட்டு."

போலீஸிடமும் அதையே சொன்னான். அவர்கள் புருவத்தைத் தூக்கியபோது, "கொஞ்சம் போட்டிருந்தான் சார்" என்றும் சேர்த்துக்கொண்டான். லூர்துசாமி வாழ்க்கையில் திறந்த ஒரே பாட்டில் சோடா. வேலை முடிந்ததும் இரண்டு வாங்கி, "குடி சேட்டு, நீதானே சம்பளம் குடுக்கற" என்று ஒன்றை இவனிடம் நீட்டுவான்.

"அண்ணா?"

ஜம்பு போனை மறு காதுக்கு மாற்றினான். இந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே வார்த்தை. பிறகு போலீஸ், கேஸ், பட்டறைக்குப் பூட்டு.

"ரெண்டுதாம்மா" என்றான்.

அவள் "சரிண்ணா" என்று வைத்துவிட்டாள்.

கரண்ட் போனது.

ஏசி அடங்கிய அமைதியில், அதற்கு அடியில் இத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு சத்தம் மேலே வந்தது. வைரப் பல் கான்கிரீட்டைத் தின்னும் சத்தம். இத்தனை வருஷம் அவனுக்குச் சோறு போட்ட சத்தம். கல்லைக் கடக்கும்போது கரகரப்பு, கம்பியைத் தொடும்போது ஒரு கீச்சு, மறுபடி நிதானமான அரைப்பு. அவசரமே இல்லை. வேலை தெரிந்த கை.

வைஷுவின் அறைக் கூரையில் நட்சத்திரங்கள் பச்சையாக மினுங்கின. ஒன்று மட்டும் நடுங்கியது.

ஹாலுக்கு ஓடினான். உச்சந்தலையில் ஒரு சொட்டு. நிமிர்ந்தான். ஹால் கூரையில் வளையம். அதன் நடுவில் நட்சத்திரம். ஹாலில் யாரும் நட்சத்திரம் ஒட்டவில்லை.

சமையலறை. சொட்டு. வளையம். நட்சத்திரம்.

கதவைத் திறந்து வெளியே பாய்ந்தான். லிஃப்ட் வாசல். கழுத்தில் சொட்டு. அங்கேயும்.

திரும்ப உள்ளே வந்தான். மரியம்மாளைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்கண்ணா."

"ஒண்ணு! மரியம்மா, ஒண்ணுதான் தட்டினான்! நான்தான் ஓட்டச் சொன்னேன்! அவன் குடிக்கல, அவன் குடிக்கவே மாட்டான்மா!"

அரைப்புச் சத்தம் வீட்டையே நிரப்பியது.

"ஹலோ? அண்ணா? ஒண்ணுமே கேக்கல. மெஷின் ஓடுது போல. வேலையா இருக்கீங்க, அப்புறம் பேசறேன்."

"வைக்காத! மரியம்மா!"

வைத்துவிட்டாள்.

தரையில் சாம்பல் சேறு. கணுக்கால் வரை. வளவளவென்று, வெதுவெதுப்பாக. தரை துடைக்கும் குச்சி கையில் பட்டது. அதைத் தூக்கி, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, கூரையில் தட்டினான்.

ஒரு தட்டு.

சத்தம் நின்றது.

ஜம்புவுக்கு அழுகை வந்தது. லூர்து நல்லவன். எப்போதும் நல்லவன். "லூர்து," என்றான், "உனக்கு வாழ்நாள் பூரா சோடா வாங்கித் தரேன்டா." சொன்ன பிறகுதான் யாருடைய வாழ்நாள் என்று தோன்றியது.

மேலே யாரோ காலை மாற்றி வைத்தார்கள். சாவிக்கொத்து ஒன்று குலுங்கியது.

பிறகு ஒரு குரல். லூர்துசாமியின் குரல் இல்லை. ஜம்புவுக்கு ரொம்பப் பழக்கமான, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிற குரல். அவனுடையது.

"ரெண்டு கேட்டாச்சு. ஓட்டு."

அரைப்பு. கீச்சு. கம்பி அறுந்தது.

கால்களை இழுத்தான். சேறு இறுகியிருந்தது.

நிமிர்ந்தான்.

நட்சத்திரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பச்சையாக, வழுக்கிக்கொண்டு, அவன் முகத்துக்கு நேராக.