சின்னாச்சி ஓடிப்போகவில்லை

குசினியில் அடுப்படித் தரையை யாரோ அடியிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணி, வெயிலில் புளியங்கூடல் ஊர் முழுக்க வாயடைத்துக் கிடந்தது, பனையோலைகூட உரசவில்லை. எலியென்றுதான் இந்துஜா முதலில் நினைத்தாள். ஆனால் எலி களைத்து நிறுத்துமா, மூச்செடுத்துவிட்டு விட்ட இடத்திலேயே திரும்பத் தொடங்குமா?

அவள் விறாந்தைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தாள். வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக மாமனார் பரராசசிங்கம் குடும்ப வரலாறு எழுதுவிக்கிறார். அவர் சொல்ல, அவள் தட்டவேண்டும். இன்று ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டாம் ஆண்டு. இந்த வீட்டைக் கட்டிய மூதாதை கதிர்காமர், மனைவி சின்னாச்சியைக் கொன்றதாகப் பிடிபட்ட வருடம். பிணம் கிடைக்கவில்லை. ஆள் விடுதலை.

“எழுதும், பிள்ளை. சின்னாச்சி அனலைதீவுக்காரன் ஒருத்தனோட வள்ளமேறி ஓடிப்போனாள்.”

சுரண்டல் நின்றது. ஈரச் சுண்ணாம்பின் வாடை குசினியிலிருந்து கிளம்பி, சுவரோரமாக விறாந்தைவரை மெல்ல ஊர்ந்து வந்தது. உள்ளே ஏதோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஆர் கண்டது மாமா?”

“வழக்கிலை விட்டிட்டாங்கள்தானே. நீர் எழுதும்.”

“ஏலாது. பொய்யை நான் எழுதமாட்டன்.”

குசினிக்குள் தரை ஒருமுறை அதிர்ந்தது. பரராசசிங்கம் திடுக்கிடவில்லை. இந்துஜா மடிக்கணினியை மூடினாள்.

“உங்களுக்கும் கேக்குதோ?”

“சின்ன வயசிலயிருந்து.” அவர் குரல் தணிந்தது. “பிரவீனன்ரை அம்மாவும் கேட்டவள். சாகும்வரை வாய் திறக்கேல்லை. நீரும் திறக்காதேயும்.”

கணவன் பிரவீனன் ஊர்காவற்றுறையிலிருந்து வரப் பொழுதுபட்டுவிடும். இந்துஜா எழுந்தாள். வீட்டுக்குப் பின்னால் கோடிக்குப் போய் இரும்பு அலவாங்கை எடுத்துவந்தாள்.

அடுப்புக்கு முன்னால் ஒரு போடு. இன்னொன்று. சீமெந்து பிளந்தது. கீழே சுண்ணாம்பு. அதன் கீழே இருட்டு.

“மூடும்!” பரராசசிங்கம் குசினி வாசலில் அலறினார். “மூடும் பிள்ளை!”

“மூடமாட்டன்.” அவள் குழிக்குள் குனிந்தாள். “வெளியிலை வாங்கோ அம்மா.”

ஒரு கை வந்தது. சுண்ணாம்பில் வெந்த கை. இந்துஜாவின் பாதத்தைத் தொட்டது. குளிர். அவள் பின்வாங்கவில்லை. விரல்கள் நிதானமாகத் தடவிப் பார்த்தன. பெண் கால். விட்டன.

பிறகு அவளைத் தாண்டி, முழங்கையே வராமல், தரையோடு தரையாக நீண்டு நீண்டு போய், வாசலில் நின்றவரின் கணுக்காலைப் பிடித்தது.