ஊசி குத்தாத பொட்டலம்

விரித்து வைத்திருந்த தாளின் ஓரத்தை யாரோ கடித்திருந்தார்கள். கினாசி குனிந்து பார்த்தாள். வரிசையாகப் பல் தடம். நாக்கால் துழாவியபோது அவள் கடைவாயிலேயே ஈரமண் ருசி தட்டியது.

மரவள்ளி மாவில் களிமண்ணை நைசாக அரைத்துக் கலந்து, இந்தோனேசியாவின் செமாராங்கில் அவர்கள் ஆலையில் வார்க்கும் உறைத்தாள் அது. புதைத்தால் மக்கிவிடும், அதுவரை காற்று இம்மியும் புகாது. அதனாலேயே, வெந்த சோயாவைப் பூஞ்சை பூக்கவைத்துச் செய்யும் டெம்பேயை அதில் கட்டும்போது ஒவ்வொரு பொட்டலத்தையும் அவள் ஊசியால் குத்தியாக வேண்டும். மூச்சு விடாவிட்டால் உள்ளே சோயா பூக்காமல் அழுகிவிடும்.

"ஏண்டி, ஏழாம் மாசத்துலயா மசக்கை?" கூட வேலை செய்யும் எந்தாங் அக்கா சிரித்தாள். "எங்க ஊர்ல புள்ளத்தாச்சிங்க மண்ணையே நொறுக்குத் தீனியா தின்பாங்க. நீ கம்பெனி சரக்குலயே கைய வெச்சுட்டியே!"

"நான் எப்பக்கா தின்னேன்? ஞாபகமே இல்லியே."

"நேத்தும் தின்னே. முந்தாநாளும் தின்னே. பாவம்னு விட்டுட்டேன்."

கினாசியால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வெந்த சோயாவின் புளித்த வாடையும், தகரக் கூரையில் விட்டுவிட்டு அடிக்கும் மழையும், மூலையில் உலரும் தாள்கள் மின்விசிறிக் காற்றில் ஒன்றையொன்று உரசும் சத்தமும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தன. மாலைப் பாங்கு கேட்டால் போதும், வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும். இன்று பாங்கு சொல்லி முடிந்தது. உதைக்கவில்லை.

சரசரவென்றது.

மின்விசிறியை நிறுத்தினாள். தாள்கள் ஓய்ந்தன. சரசரப்பு ஓயவில்லை. அது அவள் வயிற்றிலிருந்து வந்தது.

"அக்கா, புள்ள அசையல. பயமா இருக்குக்கா."

எந்தாங்கின் சிரிப்பு நின்றது. "இரு, வண்டிய எடுத்துட்டு வரேன். மருத்துவச்சிகிட்ட போயிடலாம்." படியிறங்கி ஓடினாள்.

கினாசி சட்டையை உயர்த்தினாள். இழுத்துக் கட்டியதுபோல் வயிறு. மேலே அந்த உறைத்தாளின் பளபளப்பு. தொப்புளுக்குக் கீழே, சின்ன வாய் அளவில் ஒரு குழி. உள்வாங்கியது. உப்பியது. மறுபடி உள்வாங்கியது. உறைக்குள்ளிருந்து காற்றுக்குத் தவிக்கும் வாய். அவள் பிள்ளையின் வாய்.

ஐயோ, மூச்சு விடணுமே!

வெளியே எந்தாங் ஹாரன் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கினாசியின் கை மேசையைத் துழாவியது. ஊசி தட்டுப்பட்டது.

"இதோ கண்ணு. ஒரே ஒரு ஓட்டைதான்."

பொட்டலங்களுக்குப் பார்ப்பதைப் போலவே கட்டைவிரலால் தடவி இடம் பார்த்தாள். குழி அசையாமல் காத்திருந்தது.