மலைக்கோட்டைத் தாழ்ப்பாள்

டென்மார்க்கின் கோல்டிங் நகரத்தில் ஒரு பழைய தொழிற்சாலையின் நிலவறையைத்தான் ஊர்ப் பழம்பொருள் நூதனசாலை தன் சாமான் அறையாக வைத்திருந்தது. யேசுரட்ணம் அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்த மார்கழியில் அல்ப்ஸ் மலையிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கின. கண்காட்சிக்கு இரவல் வாங்கியவை. தூசி தட்டினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்திருக்கலாம் அந்த மனிதன். இருக்கவில்லையே!

அவனுடைய சீவன் யாழ்ப்பாணத்தில் கிடந்தது. மனைவி மேரிகிறேசும் மகள் மரினாவும் அங்கே ஷெல்லடிக்குள். அவர்களைக் கூப்பிட அவன் கேட்ட விசாவை இங்கே அமைச்சு அமுக்கிக்கொண்டு இருந்தது. சட்டம் வரவிடு என்கிறது, அமைச்சர் மாட்டேன் என்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

ஆய்வாளர் பிர்கிட்டே ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே துருவேறிய இரும்புத் தாழ்ப்பாள், அதன் கூட்டோடு இறுகிக் கிடந்தது.

"ரோமர் ஆட்சி சரிந்த காலம்," என்றாள். "கொள்ளையருக்குப் பயந்து பள்ளத்தாக்குச் சனம் மலைக்கோட்டைக்கு ஓடியது. நிரம்பியதும் உள்ளே இருந்தவர்கள் வாசலைப் பூட்டிவிட்டார்கள். ஒரு பெண்ணும் சிறுமியும் கதவோடு ஒட்டியபடி வெளியே எலும்பாகக் கிடந்தார்கள். இதுதான் அந்தக் கதவின் தாழ்ப்பாள்."

சொல்லிவிட்டு அவள் கோப்பி குடிக்க மேலே போனாள்.

பின்நேரமே வெளியே இருட்டிவிட்டது. யேசுரட்ணம் பெட்டிக்குக் கிட்டப் போனான். என்ரை இரண்டும் இப்பிடித்தானே வாசலிலை நிக்குதுகள் என்று நினைத்தான். படலை வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிடாமல் விட்ட வளர்ப்பு இல்லை அவனுடையது. பெருவிரலால் தாழ்ப்பாளைத் தள்ளினான்.

எண்ணெய் விட்டதுபோல் அது வழுக்கிக்கொண்டு திறந்தது.

"உள்ளுக்கு வாங்கோ," என்றான் மெல்ல. "பயப்பிடாதேங்கோ, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஈரக் கம்பளியும் புகையும் சேர்ந்து நாறின. அவன் பிடரியில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். திரும்பினான்.

ஒருவரும் இல்லை.

அதன் பிறகு அந்த நாற்றம் அவனுடைய வீட்டுக்கும் வந்தது. காலையில் தரையில் ஈரக் கால்தடங்கள் இருக்கும், பெரியதும் சின்னதும். முதலில் விளக்கை அணைக்காமலே படுத்தான். பிறகு பழகிவிட்டது. புண்ணியம் செய்தவனை அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

அமைச்சர் மாறினார், விசா கிடைத்தது. அந்த ஆத்மாக்கள் தந்த கைமாறு என்றே நம்பி, கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினான். மரினாவுக்கென்று கட்டிலும் பூப்போட்ட போர்வையும் வாங்கிப் போட்டான்.

ரயிலால் இறங்கிய மகளைத் தூக்கி உச்சி முகர்ந்தான். கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவன் அல்லவா! மேரிகிறேஸ் அழுதுகொண்டே சிரித்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததுதான் தாமதம், மரினா முந்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கதவு மூடிக்கொண்டது.

இரும்பு வழுக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

"மரினா, விளையாடாதை. கதவைத் திற அம்மா."

"அப்பா, இஞ்சை ஒரு மாமி நிக்கிறா. ஒரு பிள்ளையும் நிக்குது."

மேரிகிறேஸ் அவனைப் பார்த்தாள். "ஆரப்பா உள்ளுக்கு?"

அவன் திறப்பைப் பூட்டில் போட்டுத் திருகினான். கதவு அசையவில்லை.

"திறக்கக் கூடாதாம் அப்பா," என்றது குழந்தை. "இனி ஒருத்தருக்கும் இடமில்லையாம்."

"நான்தானே உங்களை உள்ளுக்கு விட்டனான்!" என்று கதறினான் யேசுரட்ணம். "என்ரை பிள்ளையை விடுங்கோ!"

உள்ளே ஏதோ குசுகுசுப்பு.

"என்னை வெளியிலை விடப் போறாவாம். மற்ற வாசலாலையாம்."

அந்த ஒற்றை அறை வீட்டுக்கு வேறு வாசல் இல்லை.

"அம்மா, பெரிய மலை தெரியுது. குளிருது அம்மா..."

டென்மார்க்கில் மலை ஏது!

தோளால் மோதிக் கதவை உடைத்தான். அறையில் ஒருவரும் இல்லை. யன்னல்கள் பூட்டியபடியே இருந்தன. மகளின் கட்டிலில் போர்வை மட்டும் இரண்டு மேடாக எழும்பி, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேரிகிறேஸ் பாய்ந்து அதை இழுத்தாள். கீழே வெறும் மெத்தை. தொட்டால் சூடாக இருந்தது.

சுவருக்கு அப்பால், எங்கோ வெகு தூரத்தில், மரினா அழுதாள்.

"அம்மா, ஆரோ கத்தியோடை மேலை ஏறி வருகினம். கதவு பூட்டிக் கிடக்குது, திறவுங்கோ அம்மா!"

மேரிகிறேஸ் வெறும் சுவரை நகத்தால் பிறாண்டினாள்.

வெறும் கட்டிலிலிருந்து ஒரு பெண் சாவகாசமாகக் கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. தரையில் கிடந்த போர்வை மெல்ல மேலே ஏறி, மெத்தையை மூடிக்கொண்டது.